பத்தரை மணிக்கு வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

தை முடிந்ததுமே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், கூடப் படித்தவர்கள் என்று யாராவது ஒருவர். பிள்ளைக்கு ஜூனில் மூன்று வயது முடிகிறது, எங்கே சேர்க்கலாம்? அடுத்த கேள்வியும் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும். மாண்டிசோரி நல்லதா, விளையாட்டு வழியாகச் சொல்லிக்கொடுக்கிற ப்ளே வே நல்லதா, இல்லை நேராக ஒரு பெரிய ஸ்கூலில் பிரிகேஜி போட்டுவிடலாமா? மழலையர் வகுப்பில் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்கிறது. பள்ளி நடக்கிற ஒரு சாதாரண நாளில், காலை பத்தரை மணி வாக்கில், வகுப்புக்குள் போய் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். என்ன முறை, எந்த போர்டு என்பதெல்லாம் அப்புறம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பலகையில் இருக்கிற பெயருக்கு யாரும் பொறுப்பில்லை. மாண்டிசோரி என்று போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒரு ஆசிரியர்கூட இல்லாமல் அந்தப் பெயரில் பள்ளி நடத்தலாம், நடத்துகிறார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை தெரிந்தால் உங்களுக்கும் கோபம் வரும். 1907ல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனபின் கவனிக்க ஆளில்லாமல் திரிந்த பிள்ளைகளுக்காக, மரியா மாண்டிசோரி என்ற மருத்துவர் தொடங்கியது அது. 1939ல் அவரே சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில் அவர் நடத்திய முதல் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் அவர் மகனைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது, அவரையும் நினைத்த இடத்துக்குப் போகவிடவில்லை. கொடைக்கானலில் இருந்த காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை, அங்கேயும் குழந்தைகளை வைத்து வகுப்பு நடத்தினார். 1946ல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, நம் அடையாறிலும் கொடைக்கானலிலும் வளர்ந்த ஒன்று, இன்று நம் ஊரில் பெரும்பாலும் டேர்ம் ஃபீஸ் அதிகமுள்ள இடத்தில் மட்டும் கிடைப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, ஒழுங்காக நடக்கிற மாண்டிசோரி வகுப்பு எப்படி இருக்கும்? முதலில் சத்தம் குறைவாக இருக்கும், ஆனால் அது பயத்தால் வந்த அமைதியாக இருக்காது. மூன்று வயதுக்காரனும் ஐந்து வயதுக்காரியும் ஒரே அறையில் இருப்பார்கள். ஒரு பையன் சின்னக் குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான். கொஞ்சம் சிந்தும். யாரும் ஓடிவந்து துடைக்க மாட்டார்கள். அவனே போய் ஸ்பாஞ்சை எடுத்து வந்து துடைத்துவிட்டுத் திரும்ப ஊற்ற ஆரம்பிப்பான். இன்னொரு குழந்தை பாய் விரித்து, மரக்கட்டையில் வரிசையாக இருக்கிற குழிகளில் பத்து உருளைகளைப் பொருத்திக்கொண்டிருப்பாள். ஒன்றை இடம் மாற்றி வைத்துவிட்டால் கடைசி உருளை குழிக்குள் இறங்காது. மிஸ் வந்து தப்பு என்று சொல்ல வேண்டியதே இல்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, முகத்தைச் சுளிக்காமல், முதலிலிருந்து போடுவாள். நான் பார்த்த ஒரு குழந்தை இதையே காலை முழுக்கச் செய்தது. மாண்டிசோரி வகுப்பில் காலையில் மூன்று மணி நேரம் மணி அடிக்காமல் விடுவது இதற்குத்தான். ஈடுபாட்டோடு ஒரு வேலையில் மூழ்கியிருக்கும் பிள்ளையை அரை மணிக்கு ஒருமுறை எழுப்பி ரைம்ஸுக்கும் யோகாவுக்கும் ஸ்மார்ட் கிளாஸுக்கும் துரத்தினால், மூழ்குவது எப்படி என்பதையே அது மறந்துவிடும்.

பலகையில் மட்டும் மாண்டிசோரி இருக்கிற ஒரு இடத்தையும் பார்த்தேன். பிங்க் டவர் என்று சொல்வார்கள், ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை பத்து கனசதுரங்கள். அங்கே அது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி இருந்தது. வாரத்தில் ஒரு பீரியட் மட்டும் வெளியே எடுப்பார்களாம், உடைந்துவிடக் கூடாதே என்று. மற்ற நேரமெல்லாம் நான்கு கோடு நோட்டு. அலமாரியில் இருக்கிற பொருள் புதுசு மாதிரி பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். குழந்தைகள் கை பட்ட பொருளின் முனை மழுங்கியிருக்கும், பெயின்ட் உதிர்ந்திருக்கும்.

இப்போது எழுத்துக்கு வருகிறேன், பெற்றோர் என்னோடு அதிகம் சண்டை போடுவது இதில்தான்.

மூன்று வயதில் எழுதவைக்காதீர்கள். மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அதில் மூன்று நான்குதான் எலும்பாகத் தெரியும். மீதி எல்லாம் இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு பக்கம் நிரப்பச் சொல்கிறோம். வரைவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. மூன்று வயது வாக்கில் வட்டத்தைப் பார்த்து வரையவரும். நான்கில் கூட்டல் குறி. அப்புறம் சதுரம். முக்கோணம் ஐந்தை ஒட்டித்தான், ஏனென்றால் சாய்கோடு கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தின் முதல் எழுத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு சாய்கோடும் ஒரு குறுக்குக்கோடும். மூன்றரை வயதில் அதை எழுதவரவில்லை என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள், வீட்டில் அம்மா கையைப் பிடித்து எழுதவைக்கிறாள், குழந்தை அழுகிறது. தமிழில் அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் 'அ'வை விட்டுவிட்டு ட, ப என்று தொடங்குவதற்கும் இதே காரணம்தான். நேர்கோட்டில் முடிந்துவிடும்.

விஜயதசமியில் தட்டில் அரிசியோ நெல்லோ பரப்பி விரலால் எழுதவைக்கிறோம். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். மாண்டிசோரி வகுப்பிலும் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவித்தான் தொடங்குவார்கள். விரலுக்கு அந்த வடிவம் பழகியபின் பென்சில் தானாக வரும். அதுவரை கைக்கு வேண்டிய பயிற்சி எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. பட்டாணி உரிக்கட்டும், சப்பாத்தி மாவு உருட்டட்டும், கைக்குட்டையைப் பிழிந்து கிளிப் மாட்டட்டும்.

"பேரன்ட்ஸ்தான் கேக்குறாங்க மேடம், எழுதவைக்கலைன்னா டிசி வாங்கிட்டுப் போயிடுறாங்க" என்று பள்ளி நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். "ஸ்கூல்லதான் ஹோம்வொர்க் குடுத்துவிடுறாங்க" என்று பெற்றோர் சொல்கிறார்கள். இரண்டுமே உண்மை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ டு இசட் எழுதுகிறது என்ற ஒரு பேச்சுக்குப் பயந்து இரண்டு பக்கமும் ஓடுகிறது. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகமும் அசர் மையம் என்ற கல்வி ஆய்வு அமைப்பும் யுனிசெஃப்பும் சேர்ந்து ராஜஸ்தான், அசாம், தெலங்கானா பிள்ளைகளை நான்கு வயதிலிருந்து எட்டு வயதுவரை தொடர்ந்து கவனித்து, 2017ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எழுத்தையும் எண்ணையும் முன்கூட்டியே திணித்த மழலையர் பள்ளிகளால் பிள்ளைகள் பெரிதாக ஒன்றும் முன்னேறிவிடவில்லை, விளையாட்டும் பேச்சும் கதையும் இருந்த இடங்களில்தான் ஒன்றாம் வகுப்புக்கு நன்றாகத் தயாரானார்கள் என்பதுதான் அதன் சாரம். ருடால்ஃப் ஸ்டைனர் என்பவர் தொடங்கிய வால்டார்ஃப் முறைப் பள்ளிகளில் ஏழு வயதை ஒட்டித்தான் முறையாக வாசிக்கவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவ்வளவு தள்ளிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான்கு வயதில் பின்தங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து, மொழி. ஒரு பள்ளியில் நான் இருந்தபோது சின்னப் பையன் ஒருவன் தினமும் டவுசரை நனைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் அப்படி ஒரு பழக்கமே இல்லை. அவன் அம்மாவைக் கூப்பிட்டு டாய்லெட் ட்ரெய்னிங் போதாது என்று திட்டினார்கள். விஷயம் இதுதான்: வகுப்பில் தமிழ் பேசக் கூடாது, 'மே ஐ கோ' என்று கேட்டால்தான் விடுவார்கள், அந்த வாக்கியம் அவன் வாயில் வரவில்லை. ஆயாம்மா ஒருநாள் "ஒண்ணுக்கு வருதாடா தங்கம்?" என்று கேட்டு அழைத்துப்போனார். அதோடு சரியாகிவிட்டது. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பசி, வலி, பயம் எல்லாம் வீட்டு மொழியில்தான் இருக்கிறது. அதைப் பேசவிடாத இடத்தில் அது வாயை மூடிக்கொள்ளத்தான் கற்றுக்கொள்ளும். ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பாட்டாக, கதையாக, விளையாட்டாக வரட்டும். தமிழில் நிறையப் பேசுகிற, கேள்வி கேட்கிற பிள்ளைக்கு அது சீக்கிரமே பிடிபடும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், குழந்தைகள் எவ்வளவு பேசுகிறார்கள், மிஸ் எவ்வளவு பேசுகிறார் என்று கவனியுங்கள். மிஸ் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

அங்கன்வாடி பற்றிச் சொன்னால் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ஒருமுறையாவது உங்கள் தெருவில் இருப்பதைப் போய்ப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். 1975ல் தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் முட்டையும் கலவை சாதமும் சத்துமாவும் கொடுக்கிறார்கள், ஆட்டமும் பாட்டும் கதையுமாகப் பாடத்திட்டம் இருக்கிறது. பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்தால் பல தனியார் பள்ளிகளுடையதைவிட வயதுக்குப் பொருத்தமானது. 2019ல் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்று இரண்டே பேர். பிள்ளைகளோடு உட்கார வேண்டிய நேரத்தில் எடை பார்ப்பது, கர்ப்பிணிகள் பதிவேடு, போஷன் டிராக்கர் என்ற அரசு செயலியில் விவரங்களை ஏற்றுவது என்று அந்த அம்மாவுக்கு ஓயாத வேலை. நல்ல பணியாளர் அமைந்த மையத்தில், ஃபீஸ் கட்டுகிற இடத்தில் கிடைக்காத கவனிப்பு கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். பணியாளர் இடமே காலியாக இருக்கும் மையத்தையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பணியிடங்களை நிரப்பச் சொல்லியும், எழுத்து வேலையைக் குறைக்கச் சொல்லியும் கேட்க வேண்டியது நாம்தான். பிள்ளையை வேறெங்கோ அனுப்பிவிட்டால் நாம் கேட்கவும் மாட்டோம்.

சரி, போய்ப் பார்க்கும்போது வேறு என்ன கவனிப்பது? ஒரு பெரியவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். மூன்று வயதுக்கு இருபதுக்கு மேல் போனால் எந்த முறையும் அங்கே நடக்காது. மிஸ் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். வருடா வருடம் ஆள் மாறும் இடத்தில் சம்பளமும் மரியாதையும் சரியில்லை என்று அர்த்தம். அது பிள்ளைகள் மேல்தான் வந்து விடியும். கழிப்பறையை நேரில் பாருங்கள், பிள்ளை தானாக ஏறி உட்கார முடிகிற உயரமா, உள்ளே தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று. முதல் வாரம் அழுகிற குழந்தையை என்ன செய்வார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். "கேட்ல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடுங்க, ரெண்டு நாள்ல பழகிடும்" என்று சொன்னால் எனக்குப் பிடிக்காது. நல்ல இடங்களில் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ சில நாள் கூட உட்கார விடுகிறார்கள். முதல் நாள் அரை மணி, அப்புறம் ஒரு மணி என்று நேரத்தைக் கூட்டுகிறார்கள். பிள்ளையையும் பெற்றோரையும் உட்காரவைத்து இன்டர்வியூ எடுக்கிற இடமாக இருந்தால் தயங்காமல் திரும்பி வாருங்கள். ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே இப்படி வடிகட்டிப் பார்ப்பது கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

ஏசி, சிசிடிவி, போனில் வரும் ஆக்டிவிட்டி போட்டோ இவற்றுக்கெல்லாம் நான் மதிப்பெண் போடுவதில்லை. மரம் இருக்கிறதா, மண் இருக்கிறதா, ஓட இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

எல்லாம் பார்த்தபின் இரண்டு இடம் பிடித்துப்போய் முடிவெடுக்க முடியவில்லை என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் சேர்த்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் வேனில் தூங்கிவிழுந்துகொண்டு போகிற பிள்ளைக்கு அங்கே எவ்வளவு நல்ல மிஸ் இருந்தும் பயனில்லை. தாத்தாவோ பாட்டியோ நடந்து கூட்டிப்போய்விட்டு வரட்டும், வழியில் ஆட்டுக்குட்டியைப் பார்க்க நின்றால் நிற்கட்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால், மாலை வரை பார்த்துக்கொள்ள ஆள் எங்கே கிடைக்கிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் பள்ளி தேடுங்கள்.