டீச்சர், இது போன வருஷமே வந்ததே?

ஒவ்வொரு ஜூன் மாதமும் பத்தாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னதும் ஏதாவது ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடும். கேள்வி நியாயம்தான். இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல் என்று ஒன்பதாம் வகுப்பில் பார்த்த அதே தலைப்புகள் வரிசைகூட மாறாமல் இங்கேயும் நிற்கின்றன. பிள்ளைகள் கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடலாம். போன வாரம் ஒரு அப்பா கேட்டார். "அமெரிக்காவில் ஒரு வருஷம் முழுக்க அல்ஜீப்ரா, அடுத்த வருஷம் முழுக்க ஜியாமெட்ரி, முடித்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். நீங்கள் ஏன் வருஷா வருஷம் அரைத்த மாவையே அரைக்கிறீர்கள்?" வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. ஒரே தலைப்புக்கு வருஷா வருஷம் திரும்பி வருகிற இந்த முறைக்குச் சுருள் முறை என்று பெயர், அதைப் பிரபலமாக்கியவரே ஓர் அமெரிக்கர்தான். 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அங்கே பள்ளிக் கல்வியைப் பற்றிப் பெரிய பதற்றம். 1959இல் வுட்ஸ் ஹோல் என்ற ஊரில் அறிவியலாளர்களும் கல்வியாளர்களும் கூடிப் பேசினார்கள், அதற்குத் தலைமை ஏற்ற உளவியலாளர் ஜெரோம் புரூனர் அடுத்த வருஷமே அதைப் புத்தகமாக்கினார். எந்தப் பாடத்தையும் எந்த வயதுப் பிள்ளைக்கும் அதற்கேற்ற நேர்மையான வடிவில் சொல்லித்தர முடியும், அப்புறம் மறுபடி மறுபடி அதே இடத்துக்குத் திரும்பி வரவேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அங்கே நிறைய உயர்நிலைப் பள்ளிகள் பழைய அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி வரிசையை விடவே இல்லை என்பது வேறு கதை.

மேலே ஏறுகிறோமா, மாவுதான் அரைக்கிறோமா என்பதைப் பிதாகரஸை வைத்துப் பார்த்துவிடலாம். எட்டாம் வகுப்பில் 3, 4, 5 என்று செங்கோண முக்கோணமாக வந்து போகிறார். ஒன்பதில் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவுக்கு ஒரு சூத்திரம் வருமே, அதுவும் அவரேதான், மேலே வர்க்கமூலத்தைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார். பத்தில் வடிவொத்த முக்கோணங்களை வைத்து அவரை நிரூபிக்கிறோம், இரண்டு இயல் தள்ளிப் போனால் சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் கூட்டினால் ஒன்று என்கிறோம், அது அதே தேற்றத்தைக் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்தது, அவ்வளவுதான். பதினொன்றில் செங்கோணம் இல்லாத முக்கோணத்துக்கும் சேர்த்து கொசைன் சூத்திரமாக வருகிறார். பன்னிரண்டில் கலப்பெண்ணின் மட்டாக, அதாவது அந்த எண் பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதாக வருகிறார். இத்தனையையும் எட்டாம் வகுப்பிலேயே ஒரே மூச்சில் முடித்துவிட முடியுமா? ஆனால் "இவர் அவரேதான்" என்று சொல்ல வகுப்பில் ஆள் வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சூத்திரங்கள், மனப்பாடம் செய்ய ஐந்தாறு சுமைகள்.

அந்த அப்பாவிடம் நான் ஒத்துக்கொள்ளவேண்டியதும் இருக்கிறது. சில இடங்களில் உண்மையிலேயே மாவுதான் அரைக்கிறோம். ஒன்பதாம் வகுப்பின் முதல் இரண்டு வாரம் பழைய சூத்திரங்களைப் பலகையில் எழுதிப்போட்டு "இதெல்லாம் தெரியுமில்லையா?" என்று கேட்பதற்குப் பெயர் திரும்பி வருவது இல்லை.

அதைவிட மோசம், சுருளில் ஒரு சுற்றையே வெட்டி எறிவது. ஒன்பதாம் வகுப்பு பாதி ஓடும்போதே பத்தாம் வகுப்புப் போர்ஷனைத் தொடங்கிவிடுகிற பள்ளிகள் உண்டு, அப்படி ஒன்றில் நானே மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். பெருமையாக நோட்டீஸில் வேறு போடுவார்கள். பதினோராம் வகுப்பை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவுகிறார்கள் என்றுதான் 2018இல் அதற்கும் பொதுத்தேர்வு வந்தது, 2025இல் அது வேண்டாம் என்றும் அறிவித்தாயிற்று. அந்தந்த வருஷமே பாடத்தை முடித்துவிடும் முறையில் ஒரு வருஷம் போனால் ஒரு பாடம் போகும். சுருளில் ஒரு சுற்று போனால் மேலே இருக்கிற எல்லாமே அந்தரத்தில் நிற்கும்.

அப்படி அந்தரத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் செய்வது என்ன? "மெல்ல மலரும் மாணவர்கள்" என்று பட்டியல் போட்டு மாலையில் உட்காரவைத்து, வரைபடத்துக்கு 8 மதிப்பெண், செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண் என்று பழக்குகிறோம். தேறிவிடுவார்கள், குறை சொல்லவில்லை. எக்ஸ் வர்க்கம் கூட்டல் எக்ஸ் கழித்தல் 2 என்பதற்கு ஒருவன் மிக அழகாகப் பரவளையம் வரைந்திருந்தான். கோடு எக்ஸ் அச்சை 1இலும் மைனஸ் 2இலும் வெட்டுகிறது, பார்த்தாலே தெரிகிறது. அந்த இரண்டு எண்களிலேயே காரணிகளும் இருக்கின்றன. இதைக் காரணிப்படுத்தினால் என்ன வரும் என்று கேட்டேன். "அது வேற சேப்டர் டீச்சர்" என்றான்.

இப்போதெல்லாம் ஜூனில் முதல் பத்து நாள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை நான் தொடுவதே இல்லை. ஒரே கோட்டுத்தாளில் எட்டு, ஒன்பது, பத்து மூன்று வகுப்புக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடவைக்கிறேன். போர்ஷன் பின்தங்குகிறது என்று திட்டு விழும், விழட்டும், செப்டம்பரில் அந்தப் பத்து நாளும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். ஏப்ரலில் தேர்வு முடிந்த கையோடு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஜூனில் பையில் வைத்து அனுப்புங்கள்.