டெஃப்லான் தோட்டாவும் தேதி அழிந்த கவசமும்

டெஃப்லான் பூசிய கைத்துப்பாக்கித் தோட்டா எந்த புல்லட் புரூஃப் ஜாக்கெட்டையும் துளைத்துவிடும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. தயவு செய்து அதைப் பரப்பாதீர்கள்.

அமெரிக்காவில் 1960களில் போலீசுக்கென்றே, கார் கதவு, கண்ணாடி மாதிரியானவற்றைத் துளைப்பதற்காக, கேடிடபிள்யூ என்ற தோட்டாவை உருவாக்கினார்கள். 1982-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அது போலீஸ் கவசத்தையே துளைக்கும் என்று கிளப்பிவிட, ஊரெல்லாம் பயந்து, 1986-ல் சட்டமே போட்டார்கள். அதில் டெஃப்லான் பூசியது முக்கியமாகத் துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க. துளைத்தது அந்தக் குண்டின் கடினமான உலோகம். சாதாரணக் குண்டுக்குள் இருப்பது ஈயம், ஜாக்கெட்டுக்குள் இருக்கும் கெவ்லார் என்ற வலுவான இழைத் துணி அடுக்குகளில் பட்டதும் நசுங்கி அகலமாகி நின்றுவிடும். கடின உலோகம் நசுங்காது, அவ்வளவுதான் விஷயம்.

அதைவிட முக்கியம் வேகம். 9 எம்எம் கைத்துப்பாக்கிக் குண்டு சுமார் 8 கிராம், நொடிக்கு 360 மீட்டர் போல் போகும். ஏகே துப்பாக்கிக் குண்டும் ஏறக்குறைய அதே 8 கிராம்தான், ஆனால் வேகம் 700 மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு, முனையும் கூர்மை. 9 எம்எம்மைத் தடுக்கும் துணிக்கவசம் இதன் முன் நிற்காது, அதற்கு செராமிக் அல்லது எஃகுத் தகடு வேண்டும். 2008 மும்பைத் தாக்குதலில் மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கார்கரே இறந்த பிறகு அவர் கவசத்தின் தரத்தைப் பற்றி வருடக்கணக்கில் பேசினோம், எதிரே வந்தது ஏகே என்பதை எத்தனை பேர் சேர்த்துப் பேசினோம்? 2018-ல் நம் நாட்டுக்கே ஐஎஸ் 17051 என்ற தரநிலை வந்துவிட்டது, கவசத்தை 6 நிலைகளாகப் பிரிக்கிறது. ஜாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த நிலை என்று கேட்க வேண்டும்.

அப்புறம் வயது. என் சித்தப்பா மகன் போலீஸ்காரர், எந்த ஊர் என்று வேண்டாம். அவன் ஜாக்கெட்டின் உள் பேனலை உருவிப் பார்த்தேன். வியர்வை உப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்து, லேபிளில் சைஸ் மட்டும் தெரிகிறது, தயாரித்த தேதி இருந்த இடம் மழமழவென்று அழிந்து கிடக்கிறது. “அதெல்லாம் யாருண்ணே பார்க்கிறாங்க” என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சைலான் என்ற இழையில் செய்த கவசங்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் பலமிழந்து, 2003-ல் அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரரின் கவசத்தைக் குண்டு துளைத்தே விட்டது. 2005-ல் அந்த இழைக்கு இருந்த அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். கெவ்லார் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதற்கும் வெயில் ஆகாது, துணிக்கவசத்துக்குப் பொதுவாக 5 வருடம்தான் உத்தரவாதம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மே மாத மதியம் பந்தோபஸ்துக்கு நிற்கிறவர் உடம்பில் கிடக்கும் ஜாக்கெட்டை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்து ரவுடிகள் கையில் இருப்பது பெரும்பாலும் அரிவாளும் நாட்டு வெடிகுண்டும். குண்டைத் தடுக்கும் துணி கத்திக்குத்தையும் தடுக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது, அதற்குத் தனிச் சோதனை, தனித் தரநிலை இருக்கிறது. கைது செய்யப் போகிறவர்களுக்கு இதை யாராவது சொல்லித் தருகிறார்களா? பெண் காவலர்கள் பாடு இன்னும் மோசம், ஆண் அளவில் வெட்டிய ஜாக்கெட் அக்குளில் விலகி நிற்கும், அந்த இடைவெளி போதும் ஒரு குண்டுக்கு.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த ஸ்டேஷனில் எத்தனை ஜாக்கெட் என்று கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுப்பார்கள், அதனால் அதைக் கேட்கவில்லை. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று விதி இருக்கிறதா, பழையதைச் சோதிக்கிறார்களா, பெண்களுக்குத் தனி அளவில் வாங்குகிறார்களா, இந்த மூன்றுதான். போலீஸ் குடும்பத்தில் இருப்பவர்கள் வேறு எதைக் கேட்கலாம் என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள், பெயர் வெளியே வராது.