32 பக்கம் போதும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாக மாறி மேசையைச் சுற்றி ஆடும் ஆட்டம். அதை ஆடுகிறவர்களிடம் ரேவன்லாஃப்ட் என்ற வாம்பயர் கோட்டைக் கதையைப் பற்றிப் பேச்செடுத்தால், பாதிப் பேர் 2016இல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' புத்தகத்தைத்தான் சொல்வார்கள். 256 பக்கம். நானும் நடத்தினேன். எட்டு மாதம் இழுத்து, ஆளுக்கொரு வேலை வந்து, பாதியில் நின்றது. அப்புறம் போன மாதம், 1983இல் டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட பழைய 'ரேவன்லாஃப்ட்' மாட்யூலை, அதாவது அதே கதையின் மூலப் புத்தகத்தை, எடுத்தேன். 32 பக்கம், மூன்று சனிக்கிழமையில் முடிந்தது. என்னைக் கேட்டால் பழசுதான் ஒரு படி மேல்.

எழுதியவர்கள் ட்ரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி. ஏதோ ஒரு ஆட்டத்தில் நிலவறைக்குள் ஒரு வாம்பயர் சம்பந்தமே இல்லாமல் எதிர்ப்பட்டதாம். இவனுக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வியில் பிறந்தவன்தான் ஸ்ட்ராட், இந்தக் கதையின் வாம்பயர் வில்லன். டாட்யானா மேல் உள்ள ஆசையில், அவளை மணக்கவிருந்த சொந்தத் தம்பியைக் கல்யாண நாளிலேயே கொன்றவன். அவளோ கோட்டைச் சுவரிலிருந்து குதித்துவிட்டாள். இப்போது பரோவியா கிராமத்தில் அதே முகத்தோடு ஐரீனா என்றொருத்தி இருக்கிறாள். விடுவானா? நம் ஆட்கள் வரட்டும் என்று கடைசி அறையில் உட்கார்ந்திருக்கிற வில்லன் இவன் இல்லை. நடுவழியில் வந்து அடித்துவிட்டு, சண்டை சூடாகும் முன் கிளம்பிவிடுவான்.

ஆரம்பமே ஏமாற்றுதான். ஊர்த்தலைவர் உதவி கேட்டு எழுதியதாக ஒரு கடிதம் வரும். காட்டுக்குள் போனால் ஒரு பிணம், கையில் இன்னொரு கடிதம்: வராதீர்கள். எங்கள் ஆட்டத்தில் ஒருவர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு நிமிடம் பேசவே இல்லை.

ஆனால் இதில் உண்மையான சாமர்த்தியம் சீட்டுக்கட்டு. வீட்டில் கிடக்கும் சாதாரணக் கட்டுதான். குறி சொல்லும் மேடம் ஈவா சீட்டைப் புரட்டுவாள். சூரிய வாள் எங்கே, ஸ்ட்ராடின் நாட்குறிப்பு எங்கே, அவன் எங்கே மாட்டுவான், அவனுக்கு இப்போது என்ன வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி மகள், "பெரியப்பா, அப்ப உங்களுக்கே தெரியாதா?" என்றாள். தெரியாதும்மா. நடத்துகிறவனுக்கே முடிவு தெரியாத ஆட்டம் எவ்வளவு சுகம் தெரியுமா!

குறைகளும் உண்டு. ஊரை விட்டுப் போனால் மூச்சை அடைக்கும் மூடுபனி, கையைப் பிடித்து இழுத்துப் போகிற வேலை. மேடம் ஈவா போன்ற ஜிப்சிகளைக் காட்டிய விதம் இன்று படிக்க உறுத்துகிறது. புதிய புத்தகத்திலேயே அந்தப் பகுதிகளை 2020இல் திருத்தினார்கள். அப்புறம் கல்லறைகள். அதுவரை பயமுறுத்திக்கொண்டு வந்துவிட்டு, திடீரென்று ஒரு கல்லறையில் 'சர் க்ளட்ஸ் ட்ரிப்பலாட்ஸ்கி' என்று பெயர். தடுக்கி விழுகிறவர் என்று பகடி. எங்கள் மேசையில் பத்து நிமிடம் சிரிப்பு, கட்டி வைத்த பயம் போயே போச்சு.

டேவிட் சதர்லேண்ட் வரைந்த கோட்டை வரைபடத்துக்காகவே இதெல்லாம் மன்னிக்கலாம். கோட்டையைச் சாய்கோணத்தில் தளம் தளமாகப் பிரித்துக் காட்டியிருப்பார். எந்தப் படிக்கட்டு எங்கே இறங்குகிறது என்று விரல் வைத்துத் தேடியே எனக்கு ஒரு ராத்திரி போனது.

தடிப் புத்தகத்தை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன், வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அதில் குறி சொல்வதற்கென்று தனியாக வாங்கிய 54 டரோக்கா சீட்டுகளைக் கேட்காதீர்கள். அதைத் தம்பி மகள் எடுத்துப் போய்விட்டாள்.