கரண்ட் பில்லில் வரும் கார்பன் செலவும் ஜூன் 30-ம்

மே, ஜூன் இரண்டு மாதமும் என்னை எந்த விசேஷத்துக்கும் எதிர்பார்க்க வேண்டாம் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் ஒரு பேப்பர் மில்லில் எரிசக்திப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மின்சாரத்தோடு சேர்ந்து எங்கள் மேல் விழும் கார்பன் செலவுக்கு அரசு தரும் ஈட்டுத்தொகையை ஜூன் 30-க்குள் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கேட்பது போன ஆண்டின் செலவுக்கு.

போன வாரம் கல்லூரி நண்பர்கள் குழுவில் ஒருவன் கேட்டான்: "புகை விடுறவனுக்கே கவர்மெண்ட் பணம் கொடுக்குதாமே, இது என்னடா நியாயம்?" அங்கே இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பணம் எங்கள் புகைக்கூண்டுக்கானது இல்லை. எங்கள் பாய்லர் விடும் கரியமில வாயுவுக்கு ஐரோப்பிய உமிழ்வு வணிகத்தில், அதாவது புகை விடும் உரிமங்களை வாங்கி விற்கும் சந்தையில், தனிக் கணக்கு இருக்கிறது. ஈட்டுத்தொகை வருவது மின்நிலையத்தின் புகைக்காக. நிலக்கரி நிலையம் ஒவ்வொரு டன் உமிழ்வுக்கும் உரிமம் வாங்க வேண்டும். அந்தச் செலவை அது யூனிட் விலையில் ஏற்றிவிடும். ஐரோப்பிய மின்சந்தையில், அந்த நேரத்துத் தேவையை நிரப்பக் கடைசியாக ஓட வேண்டிய நிலையம் எதுவோ, அதன் விலைதான் எல்லோருக்கும் விலை. பெரும்பாலும் அது நிலக்கரியோ எரிவாயுவோதான். காற்றாலை மின்சாரத்தையே வாங்கினாலும் சந்தை விலைக்குள் இருக்கும் கார்பன் செலவைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

நார்வேயைப் பாருங்கள். அங்கே மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். ஆனாலும் கேபிள் வழியாக ஐரோப்பிய சந்தையோடு இணைந்திருப்பதால் நிலக்கரியின் கார்பன் விலை அங்கேயும் பில்லில் வந்து நிற்கிறது. அவர்களும் தங்கள் ஆலைகளுக்கு இதே ஈட்டுத்தொகையைத் தருகிறார்கள்.

இந்தச் செலவு எவ்வளவு பெரிது என்று தெரிய அலுமினியத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு டன் அலுமினியம் உருக்கச் சுமார் 14 மெகாவாட் மணி, அதாவது 14,000 யூனிட் கரண்ட் வேண்டும். இந்த ஈட்டுத்தொகைக்கு ஐரோப்பிய ஆணையம் 2020-ல் போட்ட நெறிமுறையில், ஜெர்மனியில் ஒரு மெகாவாட் மணி கரண்டுக்கு 0.72 டன் கரியமில வாயு என்று கணக்கு. ஒரு டன் உமிழ்வுக்கான உரிமத்தின் விலை 80 யூரோ என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் ஒரு டன் அலுமினியத்துக்கு சுமார் 806 யூரோ. உலகச் சந்தையில் ஒரு டன் இரண்டாயிரத்துச் சொச்சம் டாலருக்கு விற்ற ஆண்டுகளில் இதைக் கட்டிவிட்டு எவன் ஆலை நடத்துவான்? அந்த விலையை ஏற்றி விற்கவும் முடியாது. அதே அலுமினியத்தை கார்பன் விலையே இல்லாத நாட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஆலை இடம் மாறும், புகை குறையாது. அதைத் தடுக்கத்தான் இந்த உதவி. அந்த 2020 நெறிமுறையில் 75 சதவீதம் வரை அரசு தரலாம் என்று இருந்தது. மேலே சொன்ன கணக்கில் சுமார் 605 யூரோ வரும், மீதி 200 ஆலையின் பாடு.

எனக்கு இந்தச் சூத்திரத்தில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் எரித்த யூனிட்டுக்குப் பணம் கிடையாது. ஒரு டன் பொருளைத் திறமையாகச் செய்ய எவ்வளவு கரண்ட் போதுமோ, அந்த அளவுகோலை உற்பத்தியோடு பெருக்கித்தான் தருவார்கள். பழைய மோட்டாரை வைத்துக்கொண்டு கரண்டை விரயம் செய்தால் அது உங்கள் நஷ்டம். அளவுகோல் வகுக்கப்படாத பொருளுக்கு உண்மையான நுகர்வில் சுமார் 80 சதவீதம்தான் கணக்கில் வரும். போதாததற்கு, கிடைத்த பணத்துக்குக் கைமாறாக ஏதாவது செய்தும் காட்ட வேண்டும். எரிசக்தித் தணிக்கை சொன்ன, மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பும் வேலைகளைச் செய்யலாம். இல்லையென்றால் 30 சதவீத மின்சாரத்தைக் கார்பன் இல்லாத மூலத்திலிருந்து எடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் உதவியில் பாதியை உமிழ்வைக் கணிசமாகக் குறைக்கும் திட்டத்தில் போடலாம். இதை இனாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, விண்ணப்பம் எப்படி நடக்கிறது? எங்கள் மில்லில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வேலை. ஒரு பக்கம் பழைய அட்டையைக் கூழாக்கிப் புதுக் காகிதம் செய்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் அதே காகிதத்தில் நெளிவுவிட்டு அட்டைப்பெட்டி செய்கிறோம். காகிதம் செய்வது உதவிக்குரிய தொழில், பெட்டி செய்வது அதில் சேராது. காற்றழுத்தக் குழாய் ஒன்றுதான், இரண்டு பக்கமும் போகிறது. எந்த யூனிட் யாருடையது என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு வருஷம் அந்தப் பக்கத்து மீட்டர் ஒன்று மார்ச்சில் பதினோரு நாள் ஓடாமல் நின்றிருந்தது ஜூனில்தான் எங்கள் கண்ணில் பட்டது. ஷிப்ட் மேற்பார்வையாளர் கையால் எழுதிவைத்த நோட்டுப் புத்தகம்தான் காப்பாற்றியது. ஈரக்கையால் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் உப்பிப்போன நோட்டு. ஆடிட்டர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து ஒத்துக்கொண்டார்.

ஆடிட்டர் சான்று, மின்னணுக் கையெழுத்து எல்லாம் சேர்ந்து, மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் கீழ் உள்ள உமிழ்வு வணிக அலுவலகத்துக்குக் கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் உரிமையே போச்சு, மன்னிப்பு கிடையாது. நான் முன்பு இருந்த சின்ன மில்லில் ஆடிட்டர் சான்று கெடு முடிந்து இரண்டாம் நாள் வந்தது. அந்த ஆண்டுப் பணம் முழுசாகப் போனது. அங்கே இந்த வேலைக்கென்று இருந்தது நான் ஒருவன்தான், அதுவும் அரை நாள். பெரிய கம்பெனியில் இதற்கு ஒரு பிரிவே இருக்கும். கெடுவைத் தளர்த்தச் சொல்லவில்லை. குறை இருந்தால் திருத்தித் தர நான்கு வாரம் கொடுங்கள் என்கிறேன். ஒரு சான்றுக்காக ஒரு வருஷ உதவியை இழப்பது தண்டனை மாதிரி இருக்கிறது.

ஆனால் என் உண்மையான கோபம் வேறு. கார்பன் விலை ஐரோப்பா முழுக்க ஒன்று. ஈட்டுத்தொகை மட்டும் அவரவர் கஜானாவைப் பொறுத்தது. தரலாம் என்றுதான் விதி, தர வேண்டும் என்று இல்லை. ஜெர்மனி 2022-க்கு 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குச் சுமார் 165 கோடி யூரோ கொடுத்தது. ஸ்லோவாக்கியாவில் ஜியார் நாட் ஹ்ரோனோம் என்ற ஊரில் ஸ்லோவால்கோ அலுமினிய உருக்காலை இருந்தது. 2022-ல் மின்சார விலை எகிறியபோது மூடினார்கள். மற்ற நாட்டு ஆலைகளுக்குக் கிடைப்பது போன்ற கார்பன் ஈடு அங்கே இல்லை என்பதையும் ஒரு காரணமாக அதன் உரிமையாளர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

உருக்காலையை நிறுத்துவது கடை ஷட்டரை இறக்குவது போல இல்லை. தொட்டிக்குள் 960 டிகிரியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். சில மணி நேரம் கரண்ட் போனால் உறைந்து கல்லாகிவிடும். அப்புறம் உடைத்தெடுத்துத் திரும்ப ஆரம்பிக்கப் பெரும் செலவு. நான் மேட்டூர்க்காரன். எங்கள் ஊர் அலுமினிய உருக்காலை 2008-ல் நின்றது, இன்னும் திரும்ப ஓடவில்லை. அதனால் ஜியார் செய்தியைச் சும்மா படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

உரிமங்களை ஏலம் விடுவது ஐரோப்பா முழுவதுக்குமான ஒரே சந்தையில். அந்த ஏல வருமானத்தில் ஒரு பங்கைப் பொது நிதியாக வைத்து, ஒரே சூத்திரத்தில் எல்லா நாட்டு ஆலைகளுக்கும் கொடுங்கள். பணக்கார நாட்டு மில்லில் சம்பளம் வாங்கும் நான்தான் இதைச் சொல்கிறேன். இப்போதைய முறையில் லாபம் எங்களுக்குத்தான் என்று தெரிந்தே சொல்கிறேன்.

கைமாறு நிபந்தனையையும் இறுக்கலாம். நார்வே 2024 முதல் ஆண்டுக்கு 700 கோடி குரோனர் என்று உச்சவரம்பு வைத்து, கிடைப்பதில் 40 சதவீதத்தை உமிழ்வுக் குறைப்பிலும் எரிசக்திச் சிக்கனத்திலும் போடச் சொல்கிறது. எங்கள் மில்லுக்கும் அப்படி ஒரு விதி வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். காகித இயந்திரத்தின் வெற்றிட பம்புகளை மாற்றச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விதி இருந்தால் முதல் கோப்பாக அதுதான் மேஜைக்குப் போகும்.