முதல் சீசனை விட்டுவிட்டீர்களே

ஃப்ரெண்ட்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்கர்களின் நன்றி சொல்லும் பண்டிகை) எபிசோடுகளை வரிசைப்படுத்திய உங்கள் பட்டியலில், மோனிக்கா வான்கோழியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் 1998 எபிசோடுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறீர்கள். சரிதான். ஆனால் 1994-ல் வந்த முதல் சீசன் எபிசோடைச் சொல்லாமல் விட்டது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பண்டிகை விருந்துக்கு வரும் நண்பர்களுக்கு ஆளுக்கொரு விதமாக உருளைக்கிழங்கு செய்கிறாள் மோனிக்கா. அண்ணன் ராஸுக்கு மட்டும் கட்டி கட்டியாக வேண்டும்! பண்டிகை அணிவகுப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்த ராட்சத பலூனைப் பார்க்க எல்லாரும் மொட்டைமாடிக்கு ஓட, சாவி வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது, சமையல் மொத்தமும் கரிந்துபோகிறது. கடைசியில் சீஸ் சாண்ட்விச்தான் விருந்து. 9 வயதில் இதே பண்டிகையன்று பெற்றோர் விவாகரத்தைச் சொன்னதால் அந்தச் சாப்பாட்டையே தொடாத நண்பன் சாண்ட்லர், உங்கள் எல்லாருடைய திட்டமும் பாழானதால்தானே ஒன்றாக இருக்கிறோம் என்று நன்றி சொல்வான் பாருங்கள், எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.