கால்களுக்கு வேலை இல்லாத இடம்: தடைப் போட்டிகளில் உடலை உண்மையில் உறிஞ்சும் தடை எது?

தொலைக்காட்சியில் வரும் தடைப் போட்டிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: எல்லாத் தடைகளிலும் உடலை அதிகம் சோர்வடையச் செய்வது எது? பெரும்பாலோர் வளைந்து நிற்கும் அந்தப் பெரிய சுவரைச் சொல்கிறார்கள். சற்றுக் கூர்ந்து பார்ப்பவர்கள், கம்பியோடு படிப்படியாகத் தாவி ஏறும் சால்மன் லேடரைச் சொல்கிறார்கள். இரண்டுமே கடினமானவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் ஒரு மனிதனின் உடலை முழுமையாகக் காலி செய்யும் தடை மூன்றாம் கட்டத்தில் வரும், விரல்நுனிகளில் தொங்கியே கடக்க வேண்டிய கிளிஃப்ஹேங்கர்தான் என்பதும், அதற்கு முன்னும் பின்னும் தடைகளை வைக்கும் வரிசையே அந்தக் கொடுமையை முழுமையாக்குகிறது என்பதும் என் உறுதியான கருத்து.

போட்டியின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சி 1997இல் தொடங்கிய 'சாசுகே' நிகழ்ச்சியே இவை அனைத்துக்கும் தாய். யோகொஹாமாவில் உள்ள மிடோரியாமா படப்பிடிப்பு வளாகத்தில் வழக்கமாக 100 பேர் களம் இறங்குவார்கள், நான்கு கட்டங்கள், கடைசிக் கட்டத்தில் உயரமான கோபுரத்தைச் சில பத்து வினாடிகளுக்குள் ஏறி முடிக்க வேண்டும். முதல் 38 போட்டிகளில் நான்கு கட்டங்களையும் முடித்தவர்கள் நால்வர் மட்டுமே. நண்டு பிடிக்கும் படகில் வேலை பார்த்த கசுஹிகோ அகியாமா 1999இலும், மீன்பிடிப் படகின் தலைவரான மகோடோ நகானோ 2006இலும் முடித்தனர். காலணிக் கடையில் விற்பனையாளராக இருந்த யூஜி உருஷிஹாரா 2010, 2011 என இருமுறையும், யூசுகே மொரிமோட்டோ 2015, 2020 என இருமுறையும் வென்றனர். இந்த நிகழ்ச்சியின் வழியில் 2009இல் அமெரிக்காவில் தொடங்கியதுதான் 'அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர்'. அதன் இறுதிச் சுற்று லாஸ் வேகாஸில் நடக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் களத்துக்கு மிடோரியாமா மலை என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

முதலில் சுவரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் போட்டியில் முதலில் 14 அடியாக இருந்த சுவர் பின்னர் 14.5 அடியாக உயர்ந்தது. ஓடிவந்து, வளைவில் கால் பதித்து, உடலை மேலே தள்ளி, விளிம்பைப் பிடித்துவிட்டால் முடிந்தது. ஓரிரு வினாடி வேலை. வழுக்கி விழுந்தால் மீண்டும் முயலலாம். அப்படி விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் தொடையின் வெடிப்புத் திறன் குறைந்துகொண்டே போவதால், மூன்றாவது முயற்சி முதல் முயற்சியைவிடப் பலமடங்கு கடினமாகிவிடும். ஆனால் இடையில் கீழே நின்று மூச்சு வாங்கலாம். கையை இடுப்பில் வைத்து அண்ணாந்து பார்க்கலாம். உடலுக்கு அவகாசம் கொடுக்கும் தடை அது. அது சோதிப்பது வேகத்தையும் கால் வைக்கும் நுட்பத்தையும்.

சால்மன் லேடர் வேறு வகை. ஒரு குறுக்குக் கம்பியை இரு கைகளாலும் பிடித்துத் தொங்கியபடி, உடலை உதறி எழுப்பி, கம்பியோடு சேர்ந்து அடுத்த படிக்குத் தாவ வேண்டும். கம்பி இரு பக்கமும் ஒரே நேரத்தில் படியில் உட்காராவிட்டால் சாய்ந்துவிடும். சாய்ந்த கம்பியை நேராக்க முயலும்போதுதான் பலருக்குத் தோள் தளர்கிறது. அமெரிக்கப் போட்டியின் நகர அளவிலான இறுதிச் சுற்றுகளில் பெரும்பாலும் சுவரை ஏறி முடித்தவுடன் இந்தத் தடையை வைத்தார்கள். கால்கள் துவண்டு, நெஞ்சு படபடக்கும் நிலையில் முதுகையும் தோளையும் வெடித்தெழச் சொல்வது கெட்டிக்காரத்தனமான அமைப்பு. இருந்தும் நல்ல உந்து தெரிந்தவர்கள் அரை நிமிடத்துக்குள் அதை முடித்துவிடுகிறார்கள். கம்பி உருண்டையானது, கட்டைவிரல் அதைச் சுற்றிக்கொள்ள முடியும். இந்தக் கட்டைவிரல் செய்தியை நினைவில் வையுங்கள், பின்னால் அதுதான் முக்கியமாகப் போகிறது.

சாசுகேயின் இரண்டாம் கட்டத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அதன் முடிவில் 30, 40, 50 கிலோ எடையுள்ள மூன்று சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி அடியில் புகுந்து செல்ல வேண்டும். பயிற்சி பெற்றவர்களுக்கு 50 கிலோ பெரிய எடையல்ல. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருக்க, தோள்கள் ஏற்கனவே களைத்திருக்க, பின்னாளில் சேர்க்கப்பட்ட எதிர்நீச்சல் தடையைக் கடந்து உடை முழுதும் ஈரமாக வரும் ஒருவருக்கு அந்தக் கடைசிச் சுவர் இரண்டு மடங்கு கனக்கும். முழு உடலும் மூச்சிரைப்பது என்ற பொருளில் சோர்வைப் பார்த்தால் இரண்டாம் கட்டத்துக்கே முதலிடம் என்று வாதிடுபவர்களை நான் மதிக்கிறேன். அந்தக் களைப்பு மூச்சு சார்ந்தது. சில நிமிடம் உட்கார்ந்தால் தணியக்கூடியது.

மூன்றாம் கட்டத்தில் நேர வரம்பு இல்லை. சலுகைபோலத் தோன்றும், ஆனால் அந்தக் கட்டத்துக்குக் கடிகாரமே தேவைப்படாது. தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய முழுவதும் கைகளில் தொங்கியபடியே கடக்க வேண்டும் என்பதால், போட்டியாளரின் முன்கையே நேரத்தைக் கணக்கிட்டுவிடுகிறது. கிளிஃப்ஹேங்கர் என்பது செங்குத்துச் சுவரில் பதித்த மெல்லிய விளிம்பு. அதன் ஆழம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். விரல்களின் முதல் கணு மட்டுமே அதன்மேல் உட்காரும். சுற்றிப் பிடிக்க எதுவும் இல்லாததால் கட்டைவிரல் பயனற்றுப் போகிறது. அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் எட்டு விரல்நுனிகளில் தொங்குகிறார் என்றால், பக்கவாட்டில் நகர ஒரு கையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது நான்கு விரல்நுனிகளாகிவிடுகிறது. ஒரு விளிம்பு முடிந்ததும் அடுத்தது வேறு உயரத்தில் இருக்கும். அங்கே உடலை ஆட்டித் தாவிப் பிடிக்க வேண்டும். பிற்காலத்தில் இதை இன்னும் கடுமையாக்கி, தொங்கிய நிலையிலிருந்தே உடலை முழுதாகத் திருப்பிப் பின்னால் பாய்ந்து எதிர்ப்புற விளிம்பைப் பிடிக்கும்படி மாற்றினார்கள். காற்றில் பறந்துவந்த முழு எடையும் 3 சென்டிமீட்டர் விளிம்பில் ஒரே கணத்தில் வந்து விழும்போது விரல்கள் தாங்க வேண்டிய இழுப்பு, சும்மா தொங்கும்போது இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

இந்தத் தடையை மெதுவான காட்சியில் ஒருமுறை பார்த்தால் நான் சொல்வது விளங்கும். விழுபவர்கள் யாரும் திடீரென்று விழுவதில்லை. முதலில் முழங்கைகள் மெல்ல விரியத் தொடங்கும். பிறகு மடங்கியிருந்த விரல்கள் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக நிமிரும். போட்டியாளரின் முகம் சுவரைப் பார்த்தே இருக்கும். கை திறப்பதை அவர் தடுக்க நினைப்பது கண்ணில் தெரியும். ஆனால் கை அவர் பேச்சைக் கேட்பதில்லை. மன உறுதி குறைந்ததால் விழுந்தார் என்று வர்ணனையாளர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மனம் இணங்கினாலும் உடல் இயங்க மறுக்கும் எல்லை ஒன்று உண்டு; அந்த இடத்துக்கு அவர் நேர்மையாக வந்து சேர்ந்திருக்கிறார்.

காரணம் உடலமைப்பில் இருக்கிறது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களுக்குள் இல்லை. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முன்கையில் இருந்துகொண்டு, நீண்ட தசைநாண்கள் வழியாக விரல்களை இழுக்கின்றன. ஒரு தசை தன் உச்ச பலத்தில் பெரும்பகுதியைச் செலவிட்டு இடைவிடாமல் இறுகியிருந்தால், அதனுள்ளே ஓடும் இரத்தக் குழாய்கள் நெரிபட்டு இரத்த ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். உயிர்வளி வராது, கழிவும் வெளியேறாது. ஓடும்போது தொடைத் தசை இறுகித் தளர்கிறது, ஒவ்வொரு தளர்விலும் இரத்தம் பாய்கிறது. தொங்கும்போது அந்தத் தளர்வு இல்லை. பாறை ஏறுபவர்கள் முன்கை கல்லாக வீங்குவதைப் 'பம்ப்' ஆகிவிட்டது என்பார்கள். ஒருமுறை அப்படி ஆனால் சில நிமிட ஓய்வில் அது முழுதாகத் தீராது. நம் பனையேறிகள் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு எடையைப் பாதங்களுக்கு மாற்றி, பாளை சீவக் கைகளை விடுவித்துக்கொள்கிறார்கள். கிளிஃப்ஹேங்கரில் அந்த வழியே அடைக்கப்பட்டிருக்கிறது. அங்கே கால்கள் வெறும் சுமை.

இதனால்தான் பெரிய மார்பும் பருத்த புயமும் கொண்டவர்கள் மூன்றாம் கட்டத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. இங்கே கணக்கு, உடல் எடைக்கும் பிடியின் வலுவுக்கும் உள்ள விகிதம். பயன்படாத ஒவ்வொரு கிலோ தசையும் விரல்நுனிக்குப் பாரம். நகானோ பல ஆண்டுகள் கடலில் கயிறும் வலையும் இழுத்த கையுடன் வந்தவர். 2015இல் அமெரிக்கப் போட்டியை வென்ற ஐசக் கால்டியேரோ பாறை ஏறுபவர். இவர்களின் முன்கைகள் போட்டிக்காக மட்டும் வளர்ந்தவை அல்ல.

வரிசையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? சாசுகேயின் பழைய மூன்றாம் கட்டத்தில் பாடி ப்ராப் என்று ஒரு தடை இருந்தது. இரு சுவர்களுக்கு நடுவே, ஒரு பக்கம் கைகளையும் மறுபக்கம் கால்களையும் ஊன்றி, உடலைப் பலகைபோல் விறைத்து வைத்து நகர்ந்து செல்ல வேண்டும். வயிறும் தோளும் நடுங்கும். அதற்குப் பின்னால் கிளிஃப்ஹேங்கர், அதற்கும் பின்னால் பைப் ஸ்லைடர். கடைசியில் வரும் பைப் ஸ்லைடர் பார்க்க எளிது: நீண்ட இரு தண்டவாளங்களின்மேல் கிடக்கும் ஒரு கம்பியில் தொங்கியபடி உடலை ஆட்டி ஆட்டி நகர்ந்து, முடிவில் தொங்கும் மேடைக்குத் தாவ வேண்டும். களைக்காத உடலுக்கு அது கடினமான தடையே அல்ல. ஆனால் விரல்கள் ஏற்கனவே செத்துவிட்ட ஒருவருக்கு அங்கே தேவைப்படும் ஒவ்வொரு ஆட்டமும் மிச்சமிருக்கும் பிடியைத் தின்கிறது. ஆகவே ஒரு தடையைத் தனியே எடுத்து வைத்துக் கடினம் எவ்வளவு என்று அளப்பதில் பொருளில்லை. எதற்குப் பின் வருகிறது என்பதே அதன் எடை.

2015இல் லாஸ் வேகாஸில் நடந்ததை இதற்குச் சான்றாகக் கொள்கிறேன். அதற்கு முந்தைய ஆறு தொடர்களிலும் மிடோரியாமா மலையை முழுதாக வென்றவர் அமெரிக்கப் போட்டியில் ஒருவர்கூட இல்லை. அந்த ஆண்டு ஜெஃப் பிரிட்டன், கால்டியேரோ இருவரும் மூன்றாம் கட்டத்தைக் கடந்தார்கள். 75 அடிக் கயிற்றை 30 வினாடிக்குள் ஏற வேண்டிய நான்காம் கட்டத்தில், முதலில் ஏறிய பிரிட்டன் நேரம் முடியச் சற்று முன்னர், கட்டத்தை முடித்ததைக் குறிக்கும் பொத்தானை அழுத்தினார். கால்டியேரோ அவரைவிட மூன்று வினாடிக்கும் மேல் வேகமாக ஏறினார். பத்து இலட்சம் டாலர் பரிசு கால்டியேரோவுக்குப் போனது. அந்தத் தொடரில் ஒரு கட்டத்தில்கூடத் தவறாமல் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திய பிரிட்டனுக்குப் பரிசில் பங்கில்லை. கயிறு ஏறுவது அரை நிமிட வேலை. மனிதனை உண்மையில் வடிகட்டிய இடம் அதற்கு முந்தைய கட்டம். அதைக் கடந்த இருவருக்கும் பரிசைப் பகிர்ந்தளித்திருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஐந்தடி உயரமே உள்ள கேசி கடன்சாரோ 2014இல் டாலஸ் நகர இறுதிச் சுற்றை முடித்த முதல் பெண் ஆனபோது, களத்தில் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் இருந்தார். பலரும் அவருடைய மன வலிமையைப் பாராட்டினார்கள். நான் வியந்தது அந்த ஒன்பது நிமிடத்தை அவர் பங்கிட்டுக்கொண்ட விதத்தைத்தான். குட்டையான கைகளால் எட்ட முடியாத இடங்களில் கூடுதலாக ஆட வேண்டும். ஆடும் ஒவ்வொரு வினாடியும் பிடியின் செலவு. கால் ஊன்றக் கிடைத்த இடங்களில் அவர் அவசரப்படாமல் கைகளை உதறி, மூச்சைச் சீராக்கி, அதன் பிறகே அடுத்த தடையைத் தொட்டார். அந்தப் பொறுமையே அவரைக் கடைசிப் பொத்தான்வரை கொண்டு சேர்த்தது.

என் ஆதங்கம் இங்கேதான் தொடங்குகிறது. இருவரைப் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிடும் பந்தய முறைக்குச் சமீப ஆண்டுகளில் அமெரிக்க நிகழ்ச்சி முக்கியத்துவம் கூட்டிவருகிறது. ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த ஒலிம்பிக் போட்டியான நவீன ஐந்திறப் போட்டியில் (மாடர்ன் பென்டத்லான்) குதிரையேற்றத்துக்குப் பதிலாகத் தடை ஓட்டம் வருகிறது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அதைப் பார்க்கப் போகிறோம். அங்கேயும் ஒரு நிமிடத்துக்குள் முடியும் வேகப் பந்தயம்தான். வேகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை; அது தனித் திறமை. ஆனால் அந்த அளவுகோலில் நீடித்துத் தொங்கும் ஆற்றலுக்கு இடமில்லாமல் போகிறது. முன்கை கல்லாவதற்கு முன்பே பந்தயம் முடிந்துவிடுகிறது.

ஒளிபரப்பும் இதற்குத் துணைபோகிறது. போட்டியாளர் ஒரு கையில் தொங்கி மறு கையை உதறும் வினாடிகளையும், இரண்டு தடைகளுக்கு நடுவே குனிந்து நின்று விரல்களை விரித்து மடக்கும் நேரத்தையும் சலிப்பூட்டும் பகுதி என்று வெட்டிவிடுகிறார்கள். அதனால் பார்வையாளருக்குத் தாவலும் விழுதலும் மட்டுமே தெரிகின்றன. எதனால் விழுந்தார் என்பது தெரிவதில்லை. மூன்றாம் கட்டத்தையாவது வெட்டாமல் முழுதாகக் காட்ட வேண்டும். திரையின் ஓரத்தில் ஓட்ட நேரத்துக்குப் பக்கத்திலேயே, கால் தரையை விட்டு எழுந்ததிலிருந்து அவர் எத்தனை வினாடி கைகளில் தொங்கியிருக்கிறார் என்பதையும் இன்னொரு கடிகாரமாகப் போட வேண்டும்.