சைபாய்க்குப் போய்க் கேளுங்கள்

ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு ஆன்ட்டி இருக்கிறார். ஆஸ்திரேலியாவின் வடக்கு நுனிக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவே இருக்கும் டோரஸ் நீரிணைத் தீவுகளில் ஒன்றான சைபாயில் பிறந்தவர். இங்கே பூர்வகுடிப் பெரியவர்களை வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை. அங்கிள், ஆன்ட்டி என்றுதான் சொல்ல வேண்டும். நமக்கு அது ஊரிலேயே பழகிய வழக்கம், அதனால் முதல் நாளே எனக்கும் அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

அவர் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் கடல் ஏற்ற இறக்க அட்டவணை ஒட்டியிருக்கும். காலையில் மாத்திரையோடு போனால், முதலில் அதில் அன்றைய வரியைப் படித்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மாத்திரை. ஜனவரி, பிப்ரவரியில் பருவக்காற்றும் பெரிய ஏற்றமும் ஒன்றாக வரும்போது, சாயங்காலமும் ஒருமுறை படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும் தங்கைக்கு போன் போடுவார். "ரோட்டுக்கு வந்துடுச்சா?" எது வந்தது என்று அவரும் சொல்ல மாட்டார், தங்கையும் கேட்க மாட்டார். அவருடைய அம்மாவைப் புதைத்திருப்பது அந்த ஊரில்.

2025 ஜூலை 15 அன்று இதே கெய்ன்ஸில் ஒரு தீர்ப்பு வாசிக்கப்பட்டது. அதே தீவுக்கூட்டத்தின் போய்கு தீவைச் சேர்ந்த அங்கிள் பபாய் பபாய், சைபாயைச் சேர்ந்த அங்கிள் பால் கபாய் இருவரும் 2021இல் ஆஸ்திரேலிய அரசின் மேல் போட்ட வழக்கு அது. எங்களைக் காப்பாற்றும் கடமை உங்களுக்கு உண்டு, பூமியைச் சூடாக்கிக் கடலை ஏற வைக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைக்கும் இலக்கை அடிமட்டத்தில் வைத்து அந்தக் கடமையிலிருந்து தவறினீர்கள் என்பது அவர்கள் வாதம். அவர்கள் தோற்றுப்போனார்கள்.

தீர்ப்பில் என்ன இருக்கிறது என்பதை நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். நீதிபதி மைக்கேல் விக்னி அவர்கள் சொன்ன உண்மைகளில் பலவற்றை ஏற்றுக்கொண்டார். 1993 முதல் 2019 வரை அந்தப் பகுதியில் கடல் பத்தாண்டுக்குச் சுமார் 6 செ.மீ. உயர்ந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் ஏறித் தோட்டங்கள் கெட்டுவிட்டன. இப்படியே போனால் அந்த மக்கள் தங்கள் தீவுகளையே இழக்க நேரிடும். இன்னொன்றும் சொன்னார்: 2015, 2020, 2021 ஆண்டுகளில் இலக்கு வைத்தபோது, அறிவியல் என்ன சொல்கிறது என்பதை அரசு உண்மையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, இலக்கு வைப்பது அரசின் கொள்கை முடிவு, கவனக்குறைவு பற்றிய இன்றைய சட்டம் அதற்குள் வராது என்று முடித்தார். சட்டம் மாறும்வரை அந்த மக்களுக்கு இருக்கும் வழி பொதுவெளியில் குரல் கொடுப்பதும் போராடுவதும், கடைசியில் வாக்குப்பெட்டியும்தான் என்றும் சொன்னார்.

வாக்குப்பெட்டி. நான் குடியுரிமை வாங்கி முதல் ஓட்டுப் போட்டது 2025 மே மாதம்தான். எங்கள் தொகுதி லைக்கார்ட். கெய்ன்ஸும் அதில்தான், டோரஸ் தீவுகளும் அதில்தான். தொகுதியில் வாக்காளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தத் தீவுகளில் குழந்தை குட்டியெல்லாம் சேர்த்தே சில ஆயிரம் பேர்தான். நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை பூர்வகுடி மக்கள் எல்லோருக்கும் கிடைத்ததே 1962இல்தான். அவர்களுக்கென்று நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பு வேண்டுமா என்று 2023 அக்டோபரில் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. ஆறு மாநிலங்களும் வேண்டாம் என்றன. இப்படி இருக்கும்போது வாக்குப்பெட்டிக்குப் போங்கள் என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்கு இருப்பது என்னைப் போன்றவர்களின் ஓட்டுத்தான். அதனால்தான் இதை நம் ஆட்களிடம், தமிழில் எழுதுகிறேன்.

அந்த இலக்கு என்பது ஓர் எண். 2005இல் நாடு வெளியிட்ட உமிழ்வில் எத்தனை சதவீதத்தைக் குறைப்போம் என்ற வாக்குறுதி. 2015இல் வைத்தது 2030க்குள் 26 முதல் 28 சதவீதம். 2022இல் அதை 43 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில், 2035க்குள் 62 முதல் 70 என்று அறிவித்தார்கள். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் தலைநகர் கன்பராவில் பிறக்கிறது, அது தப்பாக இருந்தால் முதலில் நனைவது சைபாய்.

தீவு மக்களிடம் யாரும் எதுவும் கேட்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடல் தடுப்புச் சுவரைப் பற்றிப் பேசுகிறார்கள். சைபாயில் 2017இல் சுவர் கட்டி முடித்தார்கள், மற்ற தீவுகளிலும் கட்டினார்கள். சுவர் தேவைதான். ஆனால் எத்தனை அடி உயரச் சுவர் போதும் என்பது கடல் எவ்வளவு ஏறும் என்பதைப் பொறுத்தது, அது உலகம் எவ்வளவு உமிழ்கிறது என்பதைப் பொறுத்தது. சுவரைப் பற்றி மட்டும் பேசி, எண்ணைப் பற்றிய பேச்சில் அவர்களுக்கு இடம் தராமல் இருப்பது, பெண்ணிடம் கல்யாணப் புடவையின் நிறத்தைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் விடுவது போல.

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி: எண் வைப்பது விஞ்ஞானிகளின் வேலை, தீவுக்காரர்களுக்கு அதில் என்ன தெரியும்? இந்தக் கேள்விக்குத் தீர்ப்பே பதில் சொல்லிவிட்டது. விஞ்ஞானிகள் சொன்னதையும் அரசு கேட்கவில்லை. அந்த எண்கள் எவ்வளவு செலவு ஆகும், யார் கோபித்துக்கொள்வார்கள் என்ற கணக்கிலும் பிறந்தவை. எவ்வளவு இழப்பைத் தாங்கலாம் என்பதுதான் கேள்வி என்றால், இழக்கப்போகிறவன் சொல்லட்டும். 1940களின் கடைசியில் கடல் ஊருக்குள் ஏறியபோது சைபாய்க்காரர்கள் பலர் ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் வடக்கு நுனியான கேப் யார்க் முனைக்குக் குடிபெயர்ந்து பமாகா, சீசியா என்ற ஊர்களை உண்டாக்கினார்கள். ஊரை விட்டு வருவது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

இன்னொரு கேள்வியும் வரும். உலக உமிழ்வில் ஆஸ்திரேலியாவின் பங்கு சுமார் ஒரு சதவீதம்தானே, இவர்கள் குறைத்தால் கடல் இறங்கிவிடுமா? இறங்காது. ஒவ்வொரு நாடும் இதையே சொல்லிக்கொண்டிருந்தால் ஏறத்தான் செய்யும். தீர்ப்பு வந்து எட்டே நாளில், ஜூலை 23 அன்று, சர்வதேச நீதிமன்றம் காலநிலை விஷயத்தில் நாடுகளுக்கு உள்ள கடமை பற்றித் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது. இலக்கை நாடுகள் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது, தம்மால் முடிந்த உச்ச அளவாக அது இருக்க வேண்டும் என்றது.

ஐ.நா. மனித உரிமைக் குழுவும் 2022இல் டோரஸ் தீவைச் சேர்ந்த எட்டுப் பேரின் புகாரில், அவர்களின் வீட்டுக்கும் பண்பாட்டுக்கும் உள்ள உரிமையை ஆஸ்திரேலியா காக்கத் தவறிவிட்டது என்று சொல்லி, அந்த மக்களோடு பொருளுள்ள கலந்தாலோசனை நடத்தச் சொன்னது. அந்தப் புகாரில் கல்லறைகளைக் கடல் அரித்துப்போனதையும் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மறுநாள் ஆன்ட்டியின் அறைக்குள் போகத் தயங்கினேன்.

பொருளுள்ள கலந்தாலோசனை எப்படி இருக்கும்? இணையத்தில் ஓர் ஆங்கில ஆவணத்தைப் போட்டு, இத்தனை தேதிக்குள் கருத்தை அனுப்புங்கள் என்பது போதாது. கனடாவின் 2021 சட்டத்தைப் பாருங்கள். இலக்கு வைக்கும்போது பூர்வகுடிகளின் அறிவை அமைச்சர் கணக்கில் எடுக்க வேண்டும், அவர்கள் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கேயும் "அமைச்சர் பொருத்தமென்று கருதும் முறையில்" என்று ஓர் ஓட்டை வைத்திருக்கிறார்கள். இங்கே சட்டம் வரும்போது அந்த ஓட்டை இருக்கக் கூடாது. அவர்கள் சொன்னதை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அதுவும் எண் முடிவாகும் முன்பே.

தூரம், செலவு என்று சாக்குச் சொல்ல முடியாது. 2023 ஜூனில் நீதிமன்றம் போய்கு, பாது, சைபாய் தீவுகளுக்கே போய் அமர்ந்து சாட்சி கேட்டது. நீதிபதி அந்த மண்ணில் நடந்து பார்த்தார். நீதிமன்றத்தால் முடிந்தது, இலக்கு வைக்கும் அமைச்சரால் முடியாதா?

காலநிலை பற்றி உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தப்படி அடுத்த இலக்கைச் சொல்ல வேண்டிய ஆண்டு 2030. அதற்கான வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். எங்கள் தொகுதி எம்.பி.க்கு இதைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். அனுப்பும் முன் ஆன்ட்டியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, வருகிறவர்களைப் பிப்ரவரியில் வரச் சொல், மற்ற மாதத்தில் வந்தால் ஊர் அழகாக இருக்கும், ஒன்றும் தெரியாது என்றார். அந்த வரியையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். லைக்கார்ட் தொகுதியில் ஓட்டு உள்ள நம்மவர்களுக்குக் கடிதத்தின் நகலை இன்பாக்ஸில் தருகிறேன், உங்கள் பேரில் திருத்தி அனுப்புங்கள்.